40 விநாடி யாருக்குச் சொந்தம்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் கதை – 17

2017 ஜனவரி 9 இரவு, ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் கிளெம்சன் பல்கலைக்கழகமும் அலபாமா பல்கலைக்கழகமும் தேசியப் பட்டத்துக்காக மோதின. நான்காவது கால்பகுதி தொடங்கியபோது அலபாமா 24, கிளெம்சன் 14. புள்ளி விட்டுக்கொடுப்பதில் அந்தப் பருவத்தில் அலபாமாவைப் போலக் கஞ்சத்தனம் காட்டிய அணி நாட்டில் வேறில்லை. அந்தத் தடுப்புச் சுவரைத்தான் கடைசி 15 நிமிடங்களில் கிளெம்சன் உடைத்து 21 புள்ளிகள் எடுத்தது. ஆட்டம் முடிய ஒரே ஒரு விநாடி மிச்சமிருக்கையில் டெஷான் வாட்சன் எறிந்த பந்தை ஹண்டர் ரென்ஃப்ரோ எல்லைக்குள் பிடித்தார், 35-31. அந்தக் கடைசி எறிதலை இன்றும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஸ்கோர் அட்டையின் ஓரத்தில் கிடக்கும் இரண்டு எண்கள். அன்றிரவு அலபாமா தாக்கி ஆடிய பிளேக்கள் 66. கிளெம்சன் ஆடியவை 99. அதாவது அலபாமாவின் தடுப்பாட்டக்காரர்கள் 99 தடவை குனிந்து நின்று, மோதி, விழுந்து, எழுந்து, மறுபடி குனிந்து நின்றிருக்கிறார்கள். நான்காவது கால்பகுதியில் அவர்களுடைய கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதில் வியப்பில்லை. அந்த 99 எப்படி வந்தது என்பதைச் சொல்ல நூற்றிருபது வருஷம் பின்னால் போகவேண்டும்.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டம் அல்ல. விட்டுவிட்டு நடக்கும் ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே. ஒரு பிளே ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும். அடுத்ததைத் தொடங்க இப்போதைய விதிப்படி 40 விநாடி அவகாசம். தொலைக்காட்சியில் முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு ஆட்டத்தைவிட இடைவேளைதான் அதிகம் என்று தோன்றும். அந்த எண்ணம் சரியானதுதான். அந்த இடைவேளையில் தாக்கும் அணியின் பதினொரு பேரும் பந்துக்குப் பின்னால் சில கெஜம் தள்ளி வட்டமாகக் கூடி, தலைகளை நெருக்கி வைத்துக்கொண்டு, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் சொல்லும் அடுத்த திட்டத்தைக் கேட்பார்கள். அந்த வட்டத்துக்குத்தான் ஹடில் என்று பெயர். வட்டம் கூடாமல், முந்தைய பிளே முடிந்த இடத்துக்கு நேரே போய் நின்று அடுத்ததை ஆடுவது நோ-ஹடில். எளிய விஷயமாகத் தோன்றும். ஆனால் கடந்த 25 வருஷத்தில் கல்லூரிக் கால்பந்தில் இதைப்போல் விதிப்புத்தகத்தையே அடிக்கடி திருத்த வைத்த உத்தி வேறெதுவும் இல்லை.

நோ-ஹடிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை வேகத்தின் கதையாகச் சொல்கிறார்கள். அது பாதிக் கதைதான் என்பது என் வாதம். இரண்டு பிளேக்களுக்கு நடுவே கிடக்கும் அந்த 40 விநாடிக்கு யார் எஜமான் என்பதுதான் இதில் உண்மையான வழக்கு. அந்த இடைவெளியில் மூன்று காரியங்கள் நடக்கின்றன: களைத்தவன் மூச்சு வாங்குகிறான், ஆள் மாறுகிறது, ரகசியம் பரிமாறப்படுகிறது. மூன்றையும் எதிரியிடமிருந்து ஒரே வீச்சில் பறிக்க நோ-ஹடிலால் முடிந்தது. வேகம் அதற்கு ஒரு கருவி மட்டுமே.

ரகசியத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் ஹடில் பிறந்ததே அதற்காகத்தான். வாஷிங்டனில் காது கேளாதோருக்காக நடக்கும் கல்லாடெட் கல்லூரியில் 1890களில் பால் ஹப்பர்ட் குவார்ட்டர்பேக்காக இருந்தார். அணியினருக்கு அவர் கையசைவு மொழியில்தான் திட்டம் சொல்லியாக வேண்டும். எதிரே நிற்பதும் காது கேளாதோர் பள்ளி அணியாக இருந்தால், அந்தக் கை மொழியை அவர்களும் படித்துவிடுவார்கள். ஆகவே ஹப்பர்ட் தன் ஆட்களை வட்டமாக நிறுத்தி, அவர்கள் முதுகுகளையே திரையாக்கி, நடுவில் கையசைத்தார். இதற்கு முன்னுரிமை கோரும் வேறு பெயர்களும் உண்டு. சிகாகோவின் அமோஸ் அலான்சோ ஸ்டாக் என்பார்கள். இல்லினாய்ஸின் பாப் ஜப்கே என்பார்கள். நாடு முழுக்க அது பரவியது 1920களில்தான். யார் முதலில் என்ற தகராறை விட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரியும் சைகையை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கும் ஏற்பாடாகவே அது கல்லாடெட்டில் தொடங்கியது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இது திரும்பி வரும்.

ஹடில் பரவுவதற்கு முன்பு எல்லோருமே ஹடில் இல்லாமல்தான் ஆடினார்கள் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. குவார்ட்டர்பேக் எண்களைக் கூவுவார். அந்த எண்களுக்குள் திட்டம் ஒளிந்திருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு 1901இல் பயிற்சியாளராக வந்த ஃபீல்டிங் யோஸ்டுக்கு ‘ஹரி-அப்’ என்பதே பட்டப்பெயர். விழுந்தவன் எழுந்திருக்கும் முன்பே அடுத்த பிளேக்கு விரட்டுகிறவர். அந்த முதல் பருவத்தில் மிச்சிகன் 550 புள்ளிகள் எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். 1902 புத்தாண்டு அன்று நடந்த முதல் ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டு 49-0 என்ற நிலையில், இன்னும் 8 நிமிடம் இருக்கும்போதே போதும் என்று விலகிக்கொண்டது. 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களை வென்ற ஓக்லஹோமாவின் பட் வில்கின்சனும் இதே வழியில் வந்தவர். அவருடைய ஆட்கள் ஹடில் கூடினார்கள், ஆனால் அங்கே நேரம் கடத்தவில்லை. 1956 ஆரஞ்சு பவுலில் இடைவேளை வரை 6-0 என்று முன்னிலையில் இருந்த மேரிலாண்டை இரண்டாம் பாதியில் ஓட்டி ஓட்டியே மூச்சிறைக்க வைத்து 20-6 என்று வென்றார்கள். ஆகவே நோ-ஹடில் 21ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்பது வரலாறு தெரியாத பேச்சு.

அப்படியானால் புதிதாக என்ன நடந்தது? இங்கேதான் ஆள் மாற்றம் உள்ளே வருகிறது. வில்கின்சனின் காலத்தில், 1953 முதல் பத்தாண்டுக்கு மேல், கல்லூரி ஆட்டத்தில் ஆளை மாற்றக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. தாக்குகிறவனே தடுக்கவும் வேண்டும். 1960களின் நடுவில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. நீங்கியதும் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் உருவானான். குறுகிய தூரத்தை மறிக்க 140 கிலோ எடையுள்ள ஆசாமி. நீண்ட எறிதல் வரும் என்று தோன்றினால் அவன் வெளியே போய், ஓட்டக்காரன் ஒருவன் உள்ளே வருவான். ஒரு பிளேக்கும் அடுத்ததற்கும் நடுவே தடுப்பு அணி ஓர் உடுப்பைக் கழற்றி இன்னோர் உடுப்பைப் போட்டுக்கொள்ளும். நவீனத் தடுப்பாட்டம் என்னும் பெரிய மாளிகை முழுவதும் இந்த ஒரு தூணின்மேல் நிற்கிறது: ஆள் மாற்ற நேரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. விதி சொல்வதோ வேறு. தாக்கும் அணி ஆள் மாற்றினால் மட்டும்தான் தடுப்பு அணிக்கும் மாற்ற அவகாசம் தரப்பட வேண்டும். அப்போது நடுவர் ஒருவர் பந்தின்மேல் போய் நின்று ஆட்டத்தை நிறுத்திவைப்பார். தாக்கும் அணி ஆளை மாற்றாவிட்டால் தடுப்பு அணிக்கு எந்த உரிமையும் கிடையாது. இந்த ஓட்டை எப்போதும் இருந்தது. யாரும் அதற்குள் நுழையவில்லை, ஏனென்றால் எல்லோரும் ஹடிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நுழைந்தவர்கள் பெரிய கல்லூரிகளில் இருந்து வரவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னஞ்சிறு கல்லூரியில் 1990இல் பயிற்சியாளரான ரிச் ரோட்ரிகஸ். அயோவா வெஸ்லியனில் ஹால் மம்மியும் அவருடைய உதவியாளர் மைக் லீச்சும். ஆர்கன்சா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி அணிகளை நடத்திக்கொண்டிருந்த கஸ் மால்சான். நல்ல ஆட்கள் இவர்களுக்குக் கிடைக்கமாட்டார்கள். பருமனிலும் பலத்திலும் எதிரியோடு நேருக்கு நேர் நின்றால் தோல்விதான். எதிரியின் பலம் அவனுடைய ஆட்களின் எண்ணிக்கையில் இருந்தால், அந்த ஆட்கள் மைதானத்துக்குள் வரவே முடியாதபடி செய்துவிடலாம் என்று கண்டுகொண்டவர்கள் இவர்கள். மால்சான் 2003இல் இந்த முறையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பள்ளிப் பயிற்சியாளர்கள் படிக்கும் கைநூல். பத்தாண்டுக்குள் அதன் ஆசிரியர் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். பெரிய கல்லூரிகளில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1992இல் ஜார்ஜியா டெக் அணியிடம் கடைசிக் கால்பகுதியில் பின்தங்கி நின்ற ஃபுளோரிடா ஸ்டேட், குவார்ட்டர்பேக் சார்லி வார்டை வைத்து ஹடிலைக் கைவிட்டு ஆடி மீண்டது. அடுத்த வருஷம் தேசியப் பட்டமும் வாங்கியது. ஆனால் அது வார்டு என்ற அபூர்வ ஆளை நம்பிய முறை. அவர் போனதும் அதுவும் மங்கியது. சிறு கல்லூரிக்காரர்கள் செய்தது யார் வந்தாலும் ஓடக்கூடிய ஒரு யந்திரம்.

அந்த யந்திரத்தின் உள்ளே இருப்பது ஒரு மொழிச் சீர்திருத்தம் என்பேன். ஹடிலில் குவார்ட்டர்பேக் சொல்லும் ஒரு திட்டம் பத்துப் பன்னிரண்டு சொற்கள் நீளும்: யார் எங்கே நிற்பது, யாரை யார் மறிப்பது, யார் எந்தப் பாதையில் ஓடுவது, எந்த எண்ணிக்கையில் தொடங்குவது. வட்டம் கூடாமல் இதைப் பதினொரு பேருக்கும் சொல்ல முடியாது. ஆகவே நோ-ஹடில்காரர்கள் திட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, மிஞ்சியவற்றை ஒரு சொல்லாகவோ ஒரு கையசைவாகவோ ஒரு படமாகவோ சுருக்கினார்கள். பயிற்சியாளர் சிப் கெல்லியின் ஒரெகான் அணி இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. மைதான ஓரத்தில் நான்கு கட்டம் போட்ட பெரிய அட்டைகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஒரு படம். எந்தப் படம் செய்தி, எது வேஷம் என்பது ஆடுகிறவனுக்கு மட்டுமே தெரியும். பண்டிதர்கள் அந்த அட்டைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் ஒரு பார்வையில் ஒரு முழு வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதன் முதல் பெரிய பலி மிச்சிகன். யோஸ்டின் அதே மிச்சிகன். 1999இல் 3 வெற்றி, 8 தோல்வி என்று கிடந்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ராண்டி வாக்கரும் அவருடைய தாக்குதல் பயிற்சியாளர் கெவின் வில்சனும் ரோட்ரிகஸின் முறையைக் கற்றுவந்து புகுத்தினார்கள். 2000 நவம்பர் 4 அன்று மிச்சிகனை அவர்கள் 54-51 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில் பிக் டென் கூட்டமைப்பின் பட்டத்திலும் பங்கு பெற்றார்கள். ஒரே வருஷத்தில் ஆட்கள் அடியோடு மாறிவிடவில்லை, முறைதான் மாறியது. ஏழு வருஷம் கழித்து, 2007 செப்டம்பர் 1 அன்று, அப்போது கீழ்ப்பிரிவில் ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்த மைதானத்தில் அதே மிச்சிகனை 34-32 என்று சாய்த்தது. தற்செயல் என்று ஒன்றைத் தள்ளலாம். இரண்டையும் தள்ள முடியாது.

அடுத்து வந்தது தானாகக் கிடைத்த வரம். 2008 வரை கல்லூரி ஆட்டத்தில் நடுவர் பந்தை வைத்து, ஊதல் ஊதி, தயார் என்று அறிவித்த பிறகே 25 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். நடுவர் நிதானமானவராக இருந்தால் வேகமான அணி அவருக்காகக் காத்து நிற்க வேண்டியதுதான். அந்த வருஷம் விதி மாறியது: முந்தைய பிளே முடிந்த கணத்திலிருந்து 40 விநாடி. ஆட்டத்தை ஒரே சீரான நடையில் கொண்டுபோகவே இதைச் செய்தார்கள். ஆனால் இடைவேளையின் சாவி நடுவர் கையிலிருந்து தாக்கும் அணியின் கைக்குப் போய்விட்டது. நார்த்வெஸ்டர்னிலிருந்து ஓக்லஹோமாவுக்குப் போயிருந்த கெவின் வில்சன் அதே பருவத்தில் அங்கே ஹடிலைத் தூக்கி எறிந்தார். 14 ஆட்டங்களில் 716 புள்ளிகள், நவீன காலத்தில் அதுவரை எந்த அணியும் எட்டாத எண். 2010 பருவத்தின் தேசிய இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகளுமே, அதாவது மால்சான் தாக்குதலை நடத்திய ஆபர்னும் கெல்லியின் ஒரெகானும், இந்தப் பள்ளியின் மாணவர்கள். 2013இல் பிக் 12 கூட்டமைப்பு எட்டாவதாக ஒரு நடுவரையே சேர்த்துப் பார்த்தது; பந்தை எடுத்து வைக்க ஏழு பேர் போதவில்லை.

இப்போது மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு என் வாதத்துக்கே நேர் எதிரானது: இது வெறும் வேகம்தான், வேகமாக ஓடுகிறவன் ஜெயிக்கிறான், இதில் இடைவேளை, எஜமான் என்று தத்துவம் எதற்கு? இதற்குப் பதில், நோ-ஹடிலை மெதுவாகவும் ஆடலாம் என்பதே. வேகமாகப் போய் வரிசையில் நின்றுவிட்டு, தொடங்குவதுபோல் பாவனை காட்டி நிறுத்திவிடுவார்கள். தடுப்பு அணி தன் நிலைகளை வெளிக்காட்டிவிடும். உடனே தாக்கும் அணியின் பதினொரு தலைகளும் மைதான ஓரத்தை நோக்கித் திரும்பும். எதிரியின் நிலையை மேலிருந்து பார்த்த பயிற்சியாளர் புதுத் திட்டத்தைக் காட்டுவார். கடிகாரத்தில் 5 விநாடி மிச்சமிருக்கும்போது பந்து நகரும். தொழில்முறை ஆட்டத்தில் இண்டியானாபோலிஸ் அணிக்காகப் பேட்டன் மானிங் பல வருஷம் செய்ததும் இதைப்போன்றதுதான். அவரை யாரும் அவசரக்காரர் என்று சொல்லமாட்டார்கள். வேகமே இல்லாத இந்த வடிவத்திலும் தடுப்பு அணியால் ஆளை மாற்ற முடியவில்லை, ஏனென்றால் பந்து எந்த நொடியிலும் நகரலாம். மிரட்டல் போதும், அடிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. வேகமாக ஆடினால் பந்தும் வேகமாகக் கைமாறும்; எதிரணியின் தடுப்பு களைப்பதுபோல் சொந்தத் தடுப்பும் களைக்கும்; கடைசியில் இது கால்பந்தாக இல்லாமல் கூடைப்பந்தாகிவிடும். இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2012இல் மேற்கு வர்ஜீனியா பேலரை 70-63 என்று வென்றது. 2016இல் டெக்சஸ் டெக்கின் பேட்ரிக் மஹோம்ஸ் ஒரே ஆட்டத்தில் 734 கெஜம் எறிந்தும் ஓக்லஹோமாவிடம் 66-59 என்று தோற்றார். இதைப்போன்ற ஆட்டங்களில் தடுப்பு என்பது பெயரளவுக்குத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டான்ஃபோர்டு இதற்கு மாற்று மருந்தும் கண்டது: 2013இல் ஒரெகானுக்கு எதிராகப் பந்தை 42 நிமிடத்துக்கு மேல் தன்னிடமே வைத்துக்கொண்டு 26-20 என்று வென்றது. முந்தைய வருஷமும் அதே ஒரெகானை 17-14 என்று கூடுதல் நேரத்தில் முடக்கியிருந்தது. ஆனால் ஸ்டான்ஃபோர்டு என்ன செய்தது என்று உற்றுப் பாருங்கள். வேகத்தை வேகத்தால் எதிர்க்கவில்லை. கடிகாரத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. இது என் வாதத்தை மறுக்கவில்லை, மறுபக்கத்திலிருந்து உறுதிசெய்கிறது. அந்த 70-63க்கும் காரணம் நோ-ஹடில் மட்டும் அல்ல. தடுப்பாட்டத்துக்கு ஆள் திரட்டுவதில் அந்தக் கல்லூரிகள் காட்டிய அலட்சியமும்தான். கிளெம்சன் நோ-ஹடில், தடுப்பு இரண்டையும் கட்டிக்காத்தது. அதனால்தான் 99 பிளே ஆடியும் அலபாமாவை 31க்குள் நிறுத்த முடிந்தது.

மூன்றாவது மறுப்பைச் சொன்னவர் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய மூளை. அலபாமாவின் நிக் சேபன், கால்பந்து இப்படித்தான் ஆகவேண்டுமா என்று 2012இலேயே பகிரங்கமாகக் கேட்டார். ஆள் மாற்ற வழியில்லாமல் களைத்தவனை நிற்கவைத்து மோதவிடுவது ஆபத்து என்றார். அந்த நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜானி மன்சியலின் தலைமையில், அவருடைய சொந்த மைதானத்திலேயே முதல் கால்பகுதியில் 20-0 என்று முன்னேறி, 29-24 என்று வென்றது. 2013இல் மால்சானின் ஆபர்ன் அலபாமாவை வென்றது. 2014 ஜனவரியில் ஓக்லஹோமா 45-31 என்று வென்றது. பிப்ரவரியில் விதிக்குழுவின் முன் ஒரு முன்மொழிவு வந்தது: கடிகாரத்தில் முதல் 10 விநாடி கழியும்வரை பந்தைத் தொடக்கூடாது, தொட்டால் 5 கெஜம் அபராதம். சேபனும் ஆர்கன்சாவின் பிரெட் பியலெமாவும் குழுவின் முன் பேசியிருந்தார்கள். இதில் இரண்டு வேடிக்கைகள். சீக்கிரம் ஆடியதற்கான தண்டனைக்கு விதிப்புத்தகத்தில் கிடைத்த பெயர் ‘ஆட்டத்தைத் தாமதப்படுத்துதல்’. கிரிக்கெட்டில் ஓவர்களை மெதுவாக வீசினால்தான் அபராதம், இங்கே தலைகீழ். இரண்டாவது, அந்த வருஷம் வழக்கமான விதித்திருத்த வருஷம் அல்ல. பாதுகாப்பு தொடர்பான மாற்றங்களை மட்டுமே அப்போது கொண்டுவர முடியும். ஆகவே பாதுகாப்பு என்ற சொல்லைத் தவிர வேறு கதவே திறந்திருக்கவில்லை. மால்சான், ரோட்ரிகஸ், லீச் எல்லோரும் கொதித்தெழுந்து, புள்ளிவிவரம் எங்கே என்று கேட்டார்கள். மார்ச் மாதம் முன்மொழிவு கிடப்பில் போடப்பட்டது.

சேபனின் கவலை முழுக்கப் பாசாங்கு என்று நான் சொல்லமாட்டேன். பிளேக்கள் கூடினால் மோதல்கள் கூடும். இது சாதாரணக் கணக்கு. அடிபட்டவனோ மூச்சுத் திணறுகிறவனோ வெளியேற வழி இல்லாமல் போவதும் உண்மையான குறை. ஆனால் அதற்கு மருந்து எல்லா அணிகளுக்கும் பிளேக்களைக் குறைப்பது; ஒரு சாராரின் கையிலிருந்து கடிகாரத்தைப் பிடுங்கி இன்னொரு சாராரிடம் தருவது அல்ல. 2023இல் அந்த நேர்மையான மருந்து வந்தது: ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடம் தவிர, 10 கெஜம் முன்னேறும்போதெல்லாம் கடிகாரத்தை நிறுத்தும் 1968ஆம் வருஷத்துப் பழக்கத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் சேபனே மனம் மாறிவிட்டிருந்தார் என்பது தனிக் கதை. முன்மொழிவு வந்த அதே 2014இல் லேன் கிஃபினை அழைத்துத் தாக்குதலை ஒப்படைத்தார்; அலபாமாவும் வட்டத்தைக் கலைத்து ஆடத் தொடங்கியது. விதியை மாற்ற முடியாதவர் தன்னை மாற்றிக்கொண்டார். பணக்காரக் கல்லூரிகள் ஏழைகளின் ஆயுதத்தை எடுத்துக்கொண்டதும் ஏழைகளுக்கு மிஞ்சியது சொற்பம்தான்.

மிச்சமிருப்பது ரகசியம். ஹடிலைக் கலைத்தபோது, எதிரியின் கண்ணிலிருந்து சைகையை மறைத்த அந்தத் திரையும் கலைந்துபோனது. ஹப்பர்ட் எந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க வட்டம் கூட்டினாரோ, அதே தொல்லை நூறு வருஷம் கழித்து ஆயிரக்கணக்கான கண்களுக்கும் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கும் நடுவே திரும்பி வந்தது. ஆட்டத்தின்போது எதிரியின் சைகையைக் கண்ணால் படித்துக்கொள்வது குற்றமில்லை. வருங்கால எதிரியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பிப் பார்ப்பது 1994 முதல் தடை. 2023இல் மிச்சிகன் இதைச் செய்ததாக விசாரணை எழுந்து, வழக்கமான பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவைப் பிக் டென் கூட்டமைப்பு விலக்கி வைத்தது. அந்த மிச்சிகன் ஹடில் கூடி நிதானமாக ஆடும் அணி என்பதைக் கவனியுங்கள். தன் சைகையை மறைத்துக்கொண்டு மற்றவர்களின் சைகையைப் படிக்க அதற்கு வசதி இருந்தது. 2024 ஜனவரியில் பட்டமும் அதற்கே கிடைத்தது. அதே 2024 பருவத்திலிருந்து தலைக்கவசத்துக்குள் வானொலியை அனுமதித்தார்கள். இரு பக்கமும் ஓர் ஆட்டக்காரரின் காதில் பயிற்சியாளர் நேரடியாகப் பேசலாம். கடிகாரத்தில் 15 விநாடி இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். தொழில்முறை ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்கு 1994 முதலே இருக்கும் வசதி இது. கை மொழியை எதிரியிடமிருந்து மறைக்கக் கிளம்பிய ஆட்டம், கடைசியில் கையே வேண்டாம் என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

மூச்சுக்காக நடக்கும் போராட்டம் மட்டும் ஓயவில்லை. 2010இல் ஒரெகான் கலிஃபோர்னியாவை 15-13 என்று தட்டுத்தடுமாறி வென்ற ஆட்டத்தில், கலிஃபோர்னியாவின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் காயம் பட்டதுபோல் தரையில் சாய்ந்தார்; அப்படி நடிக்கச் சொன்னதை ஒப்புக்கொண்ட உதவிப் பயிற்சியாளரைப் பல்கலைக்கழகமே ஓர் ஆட்டத்துக்கு விலக்கி வைத்தது. அதன் பிறகு இந்த நடிப்பு ஒரு கலையாகவே வளர்ந்தது. எதிரி பறித்த 40 விநாடியைத் திரும்பப் பெற விதிக்குள் வழியில்லாதவன் தரையில் படுத்துக் கேட்டான். 2025 பருவத்தில் அதற்கும் விலை வைத்துவிட்டார்கள். அடுத்த பிளேக்குப் பந்தை வைத்த பிறகு ஓர் ஆட்டக்காரர் காயம் என்று விழுந்து, மருத்துவர்கள் உள்ளே வந்தால், அவருடைய அணியின் கணக்கிலிருந்து ஒரு டைம்-அவுட் கழிக்கப்படும். கையில் டைம்-அவுட் மிச்சம் இல்லாவிட்டால் 5 கெஜம் அபராதம்.

(தொடரும்)